18 வயதுக்கு முன் வீட்டை விட்டுத் தனியாகப் போகலாமா?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிறது எங்கள் ஊர். அதன் பெயர்ப்பலகையை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். வாயில் வருவது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதற்கு முன் கித்தா என்கிற ரப்பர். தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறியவர்கள் இப்போது மலிவு வீடுகளில் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நான் டியூஷன் எடுப்பேன். போன மாதம் ஒரு நாள் எல்லாரும் கிளம்பிய பிறகும், படிவம் 4 படிக்கும் ஒரு பிள்ளை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரமாகவே நின்றாள்.

"டீச்சர், யூனிசெல் யூனிவர்சிட்டில படிக்கிற அக்காங்கல்லாம் இங்க ரூம் எடுத்துத் தங்குறாங்கல்ல? எனக்குந்தான் 16 ஆயிருச்சு. அப்பாகிட்ட சொல்லாம நானும் அப்படித் தங்கிக்கலாமா?"

ஏன் கேட்கிறாய் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அடக்கிக்கொண்டேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் காரணம் கேட்டால் பிள்ளைகள் நத்தை மாதிரி உள்ளே போய்விடுவார்கள். அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அந்தக் கேள்வி அவளுடையது மட்டுமில்லை. பையன்களும் கேட்கிறார்கள். சில நேரம் பிள்ளை ஓடிப்போன மறுநாள் பெற்றோரும் வந்து கேட்கிறார்கள்.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றால் "முடியாது". ஆனால் இந்த "முடியாது" கொஞ்சம் விநோதமானது. வீட்டை விட்டுப் போன பிள்ளையைச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. அதே சமயம் "இனி நீ உன் சொந்தப் பொறுப்பு" என்று கைகழுவி விடுவதுமில்லை.

முதலில் வயது. மலேசியாவில் 1971ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டப்படி ஆணோ பெண்ணோ 18 வயதில்தான் பெரியவர் ஆகிறார். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் சிறார் என்றே சொல்கிறது. இதில் குழப்பத்துக்கு இடமில்லை. குழப்பம் வருவது மற்ற வயதுகளால். 12 வயதில் மைகார்ட் என்ற அடையாள அட்டையைக் கொடுக்கிறார்கள், பிள்ளை தன்னை ஆளாக நினைக்கத் தொடங்குகிறது. 16 வயதில் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ், 17இல் கார் லைசென்ஸ். 18இல் ஓட்டு. கடையில் பீர் வாங்க 21 ஆக வேண்டும். காரை ஓட்டிக்கொண்டு ஈப்போ வரை போய்வரத் தெரிந்த 17 வயதுப் பையனிடம் "நீ இன்னும் சிறுவன்" என்று சொன்னால் அவன் சிரிக்கத்தான் செய்வான். ஆனால் லைசென்ஸ் என்பது வண்டி ஓட்டுவதற்கான அனுமதி மட்டும்தான். வீடு, பணம், ஒப்பந்தம், காப்பு (பிள்ளை யார் பொறுப்பில் இருப்பது என்பது) எல்லாம் வேறு கணக்கு.

இன்னொரு குழப்பம் போனில் வருகிறது. அமெரிக்காவில் ஒரு பையன் நீதிமன்றத்தில் மனுப்போட்டுப் பெற்றோரிடமிருந்து "விடுதலை" வாங்கிவிட்டதாக ஒரு காணொளி. அப்படி ஒரு ஏற்பாடு அங்கே பல மாநிலங்களில் உண்மையாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 14 வயதிலேயே மனுப்போடலாம். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே தனியாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும்; அதற்குப் பெற்றோர் சம்மதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்தும் சும்மா இருந்திருக்க வேண்டும்; தன் வரவுசெலவைத் தானே பார்த்துக்கொள்வதை நீதிபதிக்குக் காட்ட வேண்டும். பெற்றோர் சம்மதம் என்ற முள் அங்கேயும் குத்துகிறது. காணொளியில் இதெல்லாம் வராது. நம் நாட்டிலோ அப்படிப்பட்ட மனுவே கிடையாது. 17 வயது 11 மாதத்தில் போய் நின்றாலும் "என்னைப் பெரியவளாக அறிவியுங்கள்" என்று கேட்க ஒரு படிவம்கூட இல்லை.

சரி, கேட்காமலே ஒரு பிள்ளை கிளம்பிவிட்டால்?

வீட்டை விட்டுப் போனதற்காக அந்தப் பிள்ளைமேல் வழக்குப் போட முடியாது. பெற்றோர் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய்க் காணவில்லை என்று ரிப்போர்ட் செய்வார்கள். (24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சினிமா பார்த்துப் பழகிய நம்பிக்கை அது. உடனே செய்யலாம், செய்ய வேண்டும்.) போலீஸ் தேடும். கண்டுபிடித்தால், வீட்டில் ஆபத்து எதுவும் இல்லாத பட்சத்தில், பெற்றோரிடமே ஒப்படைக்கும். பெற்றோருக்கு இருப்பது உரிமை மட்டுமல்ல, கடமையும்தான். 1961ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டம், பிள்ளையின் பராமரிப்பு, உடல்நலம், படிப்பு மூன்றையும் பாதுகாவலர் தலையில் வைக்கிறது. பிள்ளை கோபித்துக்கொண்டு போனாலும் அந்தச் சுமை இறங்குவதில்லை. "போனா போகட்டும், எனக்கும் அவளுக்கும் இனிமே ஒண்ணுமில்ல" என்று வாசலில் நின்று கத்தும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். கத்தலாம். சட்டத்தின் காதில் அது விழாது.

அறை எடுப்பது பற்றித்தான் அந்தப் பிள்ளை கேட்டாள். வாடகைக்கு எடுப்பது ஓர் ஒப்பந்தம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வயது வந்தவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் என்கிறது. வயது வராதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது பழைய முடிவு. கல்கத்தாவில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வயது வராத ஒருவரின் வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1903இல் தீர்ப்பானது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அந்த வழியையே பிடித்துக்கொண்டன. இதனால் என்ன ஆகும்? 16 வயதுப் பிள்ளையிடம் வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கினால், அந்தக் காகிதத்தை வைத்து அவர் நீதிமன்றத்தில் வாடகை கேட்க முடியாது. அது பிள்ளைக்கு வசதிதானே என்று தோன்றும். இல்லை. செல்லாத காகிதத்தை நம்பி எந்த வீட்டுக்காரர் சாவியைக் கொடுப்பார்? யூனிசெல் அக்காக்களுக்கு 18 தாண்டிவிட்டது. அந்த அக்காக்களுக்கும் இவளுக்கும் நடுவில் இருப்பது இரண்டே ஆண்டுதான், ஆனால் சட்டத்துக்கு அது பெரிய இடைவெளி.

வேலையில் மட்டும் சட்டம் நேர் எதிராக நடந்துகொள்கிறது. சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 1966, 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களை இளையோர் என்கிறது. அவர்கள் தாங்களே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். முதலாளி சம்பளத்தை வைத்துக்கொண்டால் தங்கள் பெயரிலேயே வழக்கும் போடலாம். ஆனால் ஒரு நாளைக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, பேக்டரியில் இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை நிறுத்தக்கூடாது. ஆகவே சொந்தமாகச் சம்பாதிக்கலாம், அந்தச் சம்பளத்தில் சொந்தமாக வீடு பிடிக்க முடியாது. இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை "அப்ப எதுக்கு டீச்சர் சம்பாதிக்கணும்?" என்று கேட்டாள். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒன்று. கிளம்பும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை. ஆனால் கூட்டிப்போகிறவருக்கும் இடம் கொடுக்கிறவருக்கும் சிக்கல் வரலாம். குற்றவியல் சட்டம் 361ஆவது பிரிவு இதுதான்: 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண் பிள்ளையையோ 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் பிள்ளையையோ பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் அழைத்துப்போனாலோ ஆசைகாட்டிக் கூட்டிப்போனாலோ அது கடத்தல். 363ஆவது பிரிவின்படி 7 ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. பிள்ளை தானாக விரும்பி வந்தாள் என்பது இங்கே பெரிய கேடயம் ஆகாது, சம்மதிக்க வேண்டியவர் பாதுகாவலர். நம் ஊர்களில் 15 வயதுப் பெண் காதலனோடு போய்விட்டாள் என்று கேள்விப்படும்போது அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சட்டம் பார்ப்பது அவனை. அவர்களுக்குள் உடலுறவு நடந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 16 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற ஒன்றே இல்லை, அது பலாத்காரம்.

16 ஆனால் போகலாம் என்று ஊரில் உலவும் பேச்சுக்கு இந்த 361ஆவது பிரிவும் ஒரு வேர் என்பது என் எண்ணம். கூட்டிப்போனவரை அந்தப் பிரிவில் பிடிக்க முடியாது என்பது, பிள்ளைக்கே போக உரிமை இருக்கிறது என்று திரிந்துவிட்டது.

இந்தப் பிரிவு இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, வயது மட்டும் வேறு. அங்கே இருந்து ஒரு வழக்கை வழக்கறிஞர்கள் அடிக்கடி எடுப்பார்கள்: வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம். ஏறக்குறைய 18 வயதான கல்லூரி மாணவி தானாகவே வீட்டை விட்டு வெளியேறி வரதராஜனை வரச்சொல்லித் திருமணம் செய்துகொண்டாள். அழைத்துப்போவது வேறு, வருகிறவளைத் தடுக்காமல் கூட இருப்பது வேறு என்று 1964இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நம் நீதிபதிகளை அது கட்டுப்படுத்தாது. படித்துப் பார்த்து ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அதை நம்பி யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

அடைக்கலம் கொடுக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மகளின் தோழி இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதில் தவறே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் யாருக்காவது சொல்லுங்கள்: பெற்றோருக்கு, அது ஆபத்து என்றால் போலீசுக்கோ சமூக நல இலாகாவுக்கோ. சொந்தமில்லாத ஒருவர் ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் இலாகாவின் பாதுகாவல் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று சிறார் சட்டம் சொல்கிறது. ஒளித்து வைத்தால் நல்ல மனசும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

இதுவரை எல்லாம் "முடியாது". வீட்டில் அடி விழுகிறது, இல்லை அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது என்றால் கணக்கு முழுக்க மாறுகிறது. நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்பும் இடம் இதுதான்.

சிறார் சட்டத்தின் 17ஆவது பிரிவு "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறார்" யார் என்று வரிசையாகச் சொல்கிறது. உடலிலோ மனத்திலோ பாலியல் முறையிலோ துன்புறுத்தப்பட்ட பிள்ளை, அப்படி நடக்கும் ஆபத்தில் இருக்கும் பிள்ளை, கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளை, யாருமில்லாத பிள்ளை. இவற்றோடு பலருக்குத் தெரியாத ஒன்றும் அந்த வரிசையில் இருக்கிறது: பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவிலோ, பெற்றோர் இருவருக்கும் நடுவிலோ சண்டை முற்றி, குடும்ப உறவு குலைந்து, அதனால் பிள்ளையின் மனம் காயப்படும் நிலை. அதாவது தழும்பு இருந்தால்தான் சட்டம் திரும்பிப் பார்க்கும் என்றில்லை. தினமும் ராத்திரி அப்பா தண்ணி போட்டுவிட்டு வந்து அம்மாவோடு போடும் சண்டையில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காரும் பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி ஓடும்? பிள்ளையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆசிரியரோ, யாராவது சொல்ல வேண்டும். தாலியான் காசிஹ் என்ற உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவும் பகலும் எடுப்பார்கள். பாலாய்க்கு நேரே போனாலும் சரி. போலீஸ் அதிகாரியோ பாதுகாவல் அதிகாரியோ பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று நம்பக் காரணம் இருந்தால் தற்காலிகமாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோர் கையெழுத்து இதற்குத் தேவையில்லை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளை சட்டப்படி வீட்டை விட்டுப் போகும் வழி உண்டா என்று கேட்டால், உண்டு, அது இதுதான். கேட்ட மாதிரி சுதந்திரமாக இருக்காது, அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டு போனவர்களும் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். அது நாம் படத்தில் பார்க்கிற கோர்ட் மாதிரி இல்லை. மாஜிஸ்திரேட் ஒருவர், கூட இரண்டு ஆலோசகர்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க யாரையும் விடுவதில்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை போடக்கூடாது. சின்ன ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கோர்ட்டுக்குப் போனால் மானம் போய்விடும் என்ற பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

அந்த நீதிமன்றம் பெற்றோரிடம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று பிணைமுறி எழுதி வாங்கலாம். தகுந்த ஒருவரிடம், பாட்டியோ சித்தியோகூட இருக்கலாம், பிள்ளையை ஒப்படைக்கலாம். காப்பகத்துக்கு அனுப்பலாம், அங்கே 3 ஆண்டு அல்லது 18 வயது நிறையும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. துன்புறுத்தியவருக்குத் தண்டனை தனி. 31ஆவது பிரிவின்கீழ் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்னொரு கோணமும் உண்டு. வீட்டில் பிரச்சினை ஒரே ஆளால் என்றால், பிள்ளை ஏன் வெளியே போக வேண்டும்? 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அந்த ஆள் நெருங்கக்கூடாது என்று பாதுகாப்பு ஆணை வாங்கலாம். 2017இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அவசரப் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றம் போகாமலே சமூக நல அதிகாரி 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், 7 நாள் செல்லும். அம்மாக்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது.

பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி: "அம்மாகூட இருக்கேன், அப்பாகிட்டப் போகணும்." பாதுகாவலர் சட்டத்தின் 1999 திருத்தத்திலிருந்து காப்பு விஷயத்தில் தாய் தந்தை இருவருக்கும் சம உரிமை. கோர்ட் ஆணை எதுவும் இல்லை என்றால் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போவது ஓடிப்போவது ஆகாது. ஆணை இருந்தால் அதை மாற்றக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் மணமுறிவில் காப்பை முடிவு செய்யும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தமாக யோசித்துச் சொல்லும் வயதுடைய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்திலேயே திருமணத்துக்கு 21 வயதுவரை அப்பாவின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "21 வரைக்கும் நீ என் கையில்தான்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. அது கல்யாணத்துக்கு மட்டும். 18 ஆனவர் எங்கே குடியிருப்பது என்பது அவர் பாடு. முஸ்லிம் குடும்பங்களில் திருமணம், காப்பு எல்லாம் ஷரியா நீதிமன்றம்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறார்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் வயதைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை முதலில் பாருங்கள்.

என்னிடம் கேட்ட பிள்ளைக்கு வருகிறேன். கடைசியில் காரணத்தைக் கேட்டேன். அடி இல்லை, குடி இல்லை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். அண்ணனுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குகிறான். தம்பிகள் டிவி. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். அடுத்த வருஷம். அவளுக்குத் தேவை ஒரு மேசையும் ஒரு கதவும். இதற்கு எந்தப் பிரிவும் வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். ஆஸ்ரமாவில், அதாவது பள்ளி விடுதியில் இடம் கேட்கலாம். படிவம் 3 முடித்தவர்கள் கோலேஜ் வோகேஷனல் (தொழிற்கல்லூரி) பக்கம் போய்விட்டாலும் அங்கே தங்குமிடம் உண்டு. இல்லையென்றால் அத்தை வீடு. அவளுக்குக் கோல சிலாங்கூரில் ஓர் அத்தை இருந்தார், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறி ஓர் அறை சும்மா கிடந்தது.

அப்பாவிடம் நான் போய்ப் பேசினேன். லாரி ஓட்டுகிறவர். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே டீச்சர்" என்றார். பள்ளி மாற்றப் படிவத்தைக் கார் பானெட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார். படிவத்தில் "மாற்றத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று மட்டும் அவளுக்கும் எனக்கும் இன்னும் முடிவாகவில்லை.